வானத்துப் படம் வந்துவிட்டது, ஊர்ப் படம் எங்கே?

2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் ரிகார்டோ கல்வாவ் என்ற இயற்பியலாளரின் பதவி போனது. பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பேயின் இயக்குநர் அவர். பணத்தைக் கையாடியதாகவோ ராக்கெட்டைக் கடலில் விழவிட்டதாகவோ அவர்மீது புகார் இல்லை. அவருடைய நிறுவனம் வெளியிட்ட ஓர் எண்தான் வம்பை இழுத்தது. அந்த ஆண்டு ஜூனில் அமேசான் காடழிப்பு முந்தைய ஆண்டு ஜூனைவிட 88 சதவீதம் கூடுதல் என்று செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அதிபர் ஜெயிர் போல்சனாரோ வெளிநாட்டுச் செய்தியாளர்களைக் கூட்டிவைத்து, அந்தத் தரவு பொய் என்றார். இயக்குநர் ஏதோ தொண்டு நிறுவனத்துக்காக வேலை பார்க்கிறார் போலிருக்கிறது என்றும் குத்திக்காட்டினார். கல்வாவ் பேசாமல் இருந்திருக்கலாம். பத்திரிகைகளில் பதிலடி கொடுத்தார். சில நாள்களில் பதவி பறிபோனது.

எண்ணை மட்டும் யாராலும் பறிக்க முடியவில்லை. இன்பேயின் காடழிப்பு வரைபடங்களும் அவற்றுக்கு அடிப்படையான படங்களும் பல ஆண்டுகளாகவே எவரும் இணையத்தில் இறக்கிக்கொள்ளும்படி கிடந்தன. சந்தேகம் உள்ளவர் எந்த நாட்டில் இருந்தாலும் தானே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஆண்டின் முழுக் கணக்கு வந்தபோது அழிந்த காடு 10,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. 2008க்குப் பிறகு அவ்வளவு போனது அதுவே முதல் முறை. அந்த ஆண்டு அறிவியலில் முக்கியமான பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்த ‘நேச்சர்’ இதழ் அந்தப் பட்டியலில் கல்வாவையும் சேர்த்தது.

பிரேசில் ஒரே நாளில் இந்த நிலைக்கு வந்துவிடவில்லை. அமேசானில் ஆண்டுதோறும் எவ்வளவு காடு அழிகிறது என்பதை இன்பே 1988 முதல் அளந்துவருகிறது. சீனாவுடன் சேர்ந்து செலுத்திய செயற்கைக்கோளின் படங்களை 2004இல் இலவசமாக்கியது. அதே ஆண்டில் ‘டீட்டர்’ என்ற எச்சரிக்கை முறையும் வந்தது. எங்கே புதிதாகக் காடு வெட்டப்படுகிறது என்பதைப் படங்களிலிருந்து உடனுக்குடன் கண்டுபிடித்து, சுற்றுச்சூழல் காவலர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடும் ஏற்பாடு அது. 2004இல் அமேசானில் 27,772 சதுர கி.மீ. காடு போனது. 2012இல் அது 4,571 சதுர கி.மீ. ஆகச் சுருங்கியது. படங்கள் மட்டுமே இதைச் சாதித்தன என்று சொன்னால் அது மிகை. புதிய காப்புக்காடுகள், காடழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று வியாபாரிகள் 2006இல் செய்துகொண்ட உடன்பாடு, விதிமீறிய நிலத்துக்கு வங்கிக் கடன் மறுத்த 2008 உத்தரவு என்று பலவும் சேர்ந்தன. ஆனால் வியாபாரி எந்த நிலத்துச் சோயாவைத் தள்ளுவது, வங்கி யாருக்குக் கடனை மறுப்பது என்ற கேள்விக்கெல்லாம் விடை அந்தப் படங்களில்தான் இருந்தது.

இதைச் சோதிக்க ஜூலியானோ அசுன்சாவ் முதலிய பொருளியலாளர்கள் கையாண்ட வழி ரசிக்கத்தக்கது. அவர்கள் மேகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மேகம் மூடிய இடத்தில் செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது, எச்சரிக்கையும் போகாது. அப்படி மூடிக் கிடந்த பகுதிகளில் அபராதங்கள் குறைந்ததும், தொடர்ந்து காடழிப்பு கூடியதும் கணக்கில் தெளிவாகத் தெரிந்தன. மேலிருந்து பார்ப்பதால் தரையில் ஏதாவது மாறுகிறதா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் கிடைப்பது அரிது.

செயற்கைக்கோள் ஏவப்படும் நாளில் எல்லா நாடுகளிலும் கைதட்டல் எழும், தலைவர்கள் வாழ்த்துவார்கள். அதற்குப் பிறகு அது எடுக்கும் படத்தை யார் பார்க்கலாம், என்ன விலை, எந்த வடிவில் என்று தீர்மானிக்கும் கோப்பு ஏதோ ஓர் அலுவலகத்தில் சத்தமில்லாமல் நகரும். ஏவிய செலவு வீணா பயனா என்பதை அந்தக் கோப்புதான் முடிவு செய்கிறது. அமெரிக்கா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது.

1972 ஜூலை 23 அன்று முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் புறப்பட்டது. அதில் இரண்டு கருவிகள் இருந்தன. தொலைக்காட்சிக் கேமரா போன்ற ஒன்றுதான் முதன்மைக் கருவி என்று அறிவியலாளர்கள் நினைத்தார்கள். ஹியூஸ் நிறுவனத்தின் பொறியாளர் வர்ஜீனியா நார்வுட் வடிவமைத்த வருடியைத் துணைக்கு வந்ததாகவே பலரும் மதித்தார்கள். இரண்டே வாரத்தில் முதன்மைக் கருவி மின்கோளாறால் முடங்கியது. துணைக்கு வந்தது நிலைத்து நின்றது. பச்சை, சிவப்பு ஒளிகளோடு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அது தனித்தனியாகப் பதிந்தது. நல்ல பயிரின் இலை அண்மை அகச்சிவப்பை வாரித் திருப்பி அனுப்பும். வாடிய இலை அவ்வளவு அனுப்பாது. தண்ணீரோ அதை அநேகமாக முழுவதும் விழுங்கிவிடும். இந்த மூன்று வேறுபாடுகளை வைத்தே பயிர்ப்பரப்பு, காடு, ஏரி, வறட்சி என்று இன்றைய தொலையுணர்வு ஆய்வின் பெரும்பகுதி நடக்கிறது.

அந்த வருடியின் ஒரு புள்ளி தரையில் சுமார் 80 மீட்டர். ஆனாலும் கனடாவின் லாப்ரடார் கரைக்கு அப்பால், 25 மீட்டர் அகலமும் 45 மீட்டர் நீளமும் கொண்ட, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு பாறைத்தீவை 1970களின் நடுவில் அது காட்டிக்கொடுத்தது. சரிபார்க்க ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்ட அளவையாளரை அங்கே உட்கார்ந்திருந்த பனிக்கரடி ஒன்று அறையப் பார்த்ததாம். அந்தப் பாறைக்கு லேண்ட்சாட் தீவு என்றே பெயர் வைத்தார்கள்.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை 1980களில் விற்பனைச் சரக்காக்கினார்கள். 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, படங்களை விற்கும் உரிமை ஈயோசாட் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. ஒரு படத்தின் விலை 4,400 டாலர் வரை ஏறியது. வாங்க ஆளில்லாத இடங்களைப் படமெடுப்பதே குறைந்தது. அதனால் ஏழை நாடுகள் பலவற்றின் அந்தக் காலத்துப் பதிவில் இன்றும் ஓட்டைகள் இருக்கின்றன. போன மழைக்காலத்தை மறுபடியும் படமெடுக்க முடியாது, அந்த ஓட்டைகள் இனி அடைபடப்போவதில்லை. 1989இல் செலவுக்குப் பணமில்லை என்று நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு செயற்கைக்கோள்களையும் அணைத்துவிடும்படி உத்தரவே போட்டார்கள். கடைசி நேரத்தில்தான் அது தடுக்கப்பட்டது. அவற்றில் ஒன்றான லேண்ட்சாட்-5 மூன்று ஆண்டுகளுக்கென்று செய்யப்பட்டு, 2013 வரை ஏறக்குறைய 29 ஆண்டுகள் உழைத்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த உத்தரவின் மடத்தனம் புரியும்.

தனியார் விற்பனை பலிக்காததால் 1992இல் அந்தச் சட்டம் மாற்றப்பட்டது. விலை இறங்கியது, ஆனாலும் படத்துக்கு 600 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. விற்பனை உச்சத்தில் இருந்த 2001இலேயே ஆண்டு முழுவதும் விற்றவை சுமார் 25,000 படங்கள்தான். 2008இல் பழைய கிடங்கு முழுவதையும் இலவசமாகத் திறந்துவிடுவதென்று அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை முடிவெடுத்தது. அடுத்த ஆண்டில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இறங்கின.

எண்ணிக்கை பெருகியது ஒருபுறம் இருக்கட்டும், ஆய்வின் தன்மையே மாறிப்போனது. 600 டாலர் கொடுத்து வாங்கும்போது ஓர் ஆய்வு மாணவர் மேகமில்லாத இரண்டு படங்களைத் தேடி வாங்கி, ‘அன்று இப்படி, இன்று இப்படி’ என்று ஒப்பிடுவார். இலவசம் என்றான பிறகு ஒரு நாட்டின் எல்லாப் படங்களையும் கணினியில் கொட்டி, ஒவ்வொரு 30 மீட்டர்ச் சதுரத்தின் முப்பது ஆண்டுக் கதையையும் வாசிக்கலாம். 2013இல் மாத்யூ ஹான்சன் குழு 6,54,178 படங்களை ஆராய்ந்து உலகின் காட்டு மாற்றத்தை வரைந்தது. 2000 முதல் 2012 வரை 23 லட்சம் சதுர கி.மீ. காடு போனது, 8 லட்சம் சதுர கி.மீ. திரும்ப வளர்ந்தது என்று அது கணக்குச் சொன்னது. மூன்று ஆண்டுகள் கழித்து ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வாளர்கள் 30 லட்சம் படங்களில் தண்ணீரைத் தேடினார்கள். 1984க்கும் 2015க்கும் இடையில் கிட்டத்தட்ட 90,000 சதுர கி.மீ. நிலையான நீர்ப்பரப்பு காணாமல் போயிருந்தது. இந்த இரண்டு ஆய்வுகளிலும் பயன்பட்ட படங்களைப் பழைய விலையில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வாசகரே பெருக்கிப் பார்க்கலாம்.

விலையில்லாப் படத்தால் 2017இல் மட்டும் பயனாளர்களுக்குக் கிடைத்த நன்மை 345 கோடி டாலர் என்று அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையே மதிப்பிட்டிருக்கிறது. அப்படியும் 2018இல் மீண்டும் கட்டணம் வைக்கலாமா என்ற யோசனை வாஷிங்டனில் எழுந்து அடங்கியது. கணக்குப்பிள்ளைப் புத்தி எந்த நாட்டிலும் முழுசாகச் சாவதில்லை.

இந்தியாவின் கதை தென்னந்தோப்பில் தொடங்குகிறது. 1970 வாக்கில் கேரளத்தில் தென்னையை வேர்வாடல் நோய் வாட்டியது. இந்தியத் தொலையுணர்வின் தந்தை எனப்படும் பி.ஆர். பிஷரோட்டி, ஹெலிகாப்டரில் கேமராவை ஏற்றி, அகச்சிவப்புக்கு இசையும் சிறப்பு ஃபிலிமில் தோப்புகளைப் படமெடுக்க வைத்தார். கீழே நின்று பார்த்தவர் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்த மரங்களில் சில, படத்தில் நோயாளிகளாகத் தெரிந்தன. அங்கிருந்து வளர்ந்த முயற்சிதான் 1988 மார்ச்சில் ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோளாக, சோவியத் ஏவுதளமான பைக்கனூரிலிருந்து மேலே போனது. 1995 டிசம்பரில் ஏவிய ஐஆர்எஸ்-1சி தரையில் 5.8 மீட்டர் வரை பிரித்துக் காட்டியது. அன்றைக்கு உலகில் ராணுவம் சாராத செயற்கைக்கோள்களில் அதைவிடக் கூர்மையான பார்வை வேறொன்றுக்கும் இல்லை. அதன் படங்களை அமெரிக்காவில் விற்றது அதே ஈயோசாட்.

வானத்தில் இவ்வளவு கெட்டிக்காரத்தனம். தரையில் நிலவரைபடம் மட்டும் பூட்டிய பீரோவில் இருந்தது.

அந்தப் பூட்டுக்கு வயது அதிகம். 1767இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் பிறந்தது இந்திய நில அளவைத் துறை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து, துணைக்கண்டத்தையே முக்கோணங்களால் அளக்கும் பெரும்பணிக்கு அடித்தளம் போட்டார். அரை டன் எடையுள்ள கோணமானியை அவர் ஆள்கள் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது அது மோதி நசுங்க, அவரே உட்கார்ந்து செப்பனிட்டார். அறிவியலாக அது வியக்க வைக்கும் வேலை. ஆனால் கம்பெனிக்கு வரைபடம் படை நடத்தவும் வரி போடவும் வேண்டியிருந்த கருவி. அளக்கப்பட்டவன் அதைப் பார்க்க வேண்டிய அவசியம் எதுவும் அவர்களுக்குத் தோன்றவில்லை. விடுதலைக்குப் பிறகும் அந்த மனநிலை அப்படியே தொடர்ந்தது. எல்லையோர, கடலோரப் பகுதிகளின் விரிவான வரைபடத் தாள்கள் பல பத்தாண்டுகள் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டன. பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி தாண்டியும் கடலோரமே நீளும் தமிழ்நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய பூட்டு என்று சொல்லத் தேவையில்லை.

பாதுகாப்புக் கவலையை வெற்றுச் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. கூகுள் எர்த் வந்த 2005இலேயே, நாட்டின் முக்கிய இடங்கள் எல்லார் கண்ணிலும் படுவது ஆபத்து என்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் வெளிப்படையாக எச்சரித்தார். ஏவுகணை செய்தவர் சொன்னது. 2017இல் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், சிப்பாய்கள் காலையில் ஓடிய தடங்கள் ராணுவ முகாம்களின் வடிவத்தை அப்படியே காட்டிவிட்டன. இவையெல்லாம் உண்மை. ஆனால் கலாம் கவலைப்பட்ட படங்களை எடுத்தவை வெளிநாட்டுச் செயற்கைக்கோள்கள். நம் ஊர் வரைபடத்தை நம் மாணவருக்கு மறுப்பதால் அவற்றின் கண் மூடிக்கொள்ளாது. பூட்டு யாரைத் தடுத்ததோ, அவர் பெரும்பாலும் உள்ளூர்க் கல்லூரியில் வெள்ளம் பற்றியோ பயிர் பற்றியோ ஆய்வு செய்தவர்தான்.

தில்லி இதைப் புரிந்துகொள்ள நாளானது. 2016இல் உள்துறை அமைச்சகம் ஒரு மசோதா வரைவை வெளியிட்டது. முன்அனுமதி இல்லாமல் நாட்டின் புவித்தகவலைச் சேகரித்தால் 100 கோடி ரூபாய் வரை அபராதம், ஏழு ஆண்டு வரை சிறை. எழுதியபடி எடுத்துக்கொண்டால் கைப்பேசியில் இருப்பிடத்தைச் சேமித்த டாக்சி ஓட்டுநரும் குற்றவாளிதான். எதிர்ப்பு கிளம்பி அது கிடப்பில் போனது. 2017இல் நில அளவைத் துறை வரைபடத் தாள்களை இணையத்தில் இலவசமாகத் தந்தது. ஆனால் ஆதார் எண் கொடுக்க வேண்டும், கிடைப்பதும் பிடிஎஃப். 2021 பிப்ரவரி 15 அன்றுதான் காற்று திசைமாறியது. உலகில் எளிதாகக் கிடைக்கும் ஒன்றை இந்தியாவில் கட்டுப்படுத்தத் தேவையில்லை என்று அரசே ஒப்புக்கொண்டு, இந்திய நிறுவனங்களும் குடிமக்களும் வரைபடம் தயாரிக்க முன்அனுமதி வேண்டாம் என்று அறிவித்தது. 2022இல் தேசியப் புவித்தகவல் கொள்கை வந்தது. 2023இன் விண்வெளிக் கொள்கை, 5 மீட்டரும் அதற்கு மேலும் பிரிதிறன் கொண்ட அரசுப் படங்களை இலவசமாகத் தரச் சொன்னது.

ஆக, மேலேயுள்ள கதவு திறந்தாயிற்று. வரைபட மென்பொருளுக்கும் பஞ்சமில்லை. அலாஸ்காவில் கேரி ஷெர்மன் என்பவர் 2002இல் தன் தேவைக்கு எழுதத் தொடங்கிய க்யூஜிஐஎஸ் இன்று லட்சங்கள் விலையுள்ள வணிக மென்பொருள்கள் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றை ஒரு பைசா வாங்காமல் செய்கிறது. பிரிட்டனில் அரசு வரைபடத்தின் விலையும் கெடுபிடியும் பிடிக்காமல் ஸ்டீவ் கோஸ்ட் 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எவரும் திருத்தக்கூடிய உலக வரைபடமாக வளர்ந்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதை மக்களே குறித்துக்கொண்டது அதன்மேல்தான். அரசிடம் அப்படி மக்கள் பார்க்கும் வரைபடம் அந்த வாரம் இல்லை.

அப்படியானால் குறை எங்கே? கீழே, ஊர் மட்டத்தில்.

2017இல் உச்ச நீதிமன்றம் நாட்டின் 2,01,503 ஈரநிலங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த எண் எங்கிருந்து வந்தது? இஸ்ரோவின் அகமதாபாத் மையம் செயற்கைக்கோள் படங்களில் 2.25 எக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்களை எண்ணிச் செய்த அட்டவணையிலிருந்து. எந்த ஆட்சியரும் எந்தத் தாசில்தாரும் தராத கணக்கை வானத்திலிருந்து எடுத்து நீதிமன்றம் சட்டப் பாதுகாப்புக்குக் கொண்டுவந்தது. 2024 டிசம்பரில் புதிய அட்டவணைப்படி எண் 2,31,195 ஆனது. இடத்துக்கு நேரில் போய்ச் சரிபார்த்து எல்லை குறியுங்கள் என்று மாநிலங்களுக்குக் கெடுவும் விதிக்கப்பட்டது. ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த எல்லைக்கோடுகள் வரையப்படாமல் கிடந்தன என்பதைத்தான் இந்தக் கெடு சொல்கிறது.

எல்லைக்கோடு ஏன் அவ்வளவு முக்கியம் என்று சென்னையின் பள்ளிக்கரணையைக் கேட்டால் தெரியும். 2022இல் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலான ராம்சரில் இடம் பெற்றபோது அந்தச் சதுப்பு நிலத்துக்குக் குறிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 எக்டேர். அது தரையில் எந்தப் புல எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது, அதைச் சுற்றி எவ்வளவு தூரம் கட்டடம் கூடாது என்ற கேள்விகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கின்றன. கோடு முன்பே பொதுவில் இருந்திருந்தால் மனை வாங்கியவர் வாங்கும்முன் பார்த்திருப்பார். ஒப்புதல் தந்தவரும் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது.

செயற்கைக்கோள் படம் மட்டும் இதைச் செய்துவிடாது. ஆகாயத்தாமரை மூடிய ஏரி படத்தில் தண்ணீராகத் தெரியாது, செடியாகத் தெரியும். கோடையில் கண்மாய்க்குள் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம் தூரத்துக் கண்ணுக்குச் செழித்த பயிரைப் போல ஏமாற்றும். 2019 கோடையில் வற்றிப்போன புழல் ஏரியின் படம் உலகெங்கும் சுற்றியது. முந்தைய ஆண்டு நீலமாகவும் அந்த ஆண்டு பழுப்பாகவும் இருந்த இரண்டு படங்கள். அதிர்ச்சிக்கு அவை போதும். ஆனால் எந்த வரத்துக் கால்வாய் எங்கே தூர்ந்தது, கலங்கல் எந்த மட்டத்தில் உடைந்திருக்கிறது, நீர்ப்பிடிப்பில் எவ்வளவு பட்டாவாகிவிட்டது என்பதை அவை சொல்லவில்லை. அதைச் சொல்லும் தரவு வருவாய்த் துறையிலும் நீர்வளத் துறையிலும் இருக்கிறது.

இருக்கிறது, ஆனால் எந்த உருவத்தில்? தமிழ்நாட்டில் ஒரு புல எண்ணைக் கொடுத்தால் அதன் எஃப்எம்பி, அதாவது புல வரைபடம், இணையத்தில் வந்துவிடுகிறது. பட்டா, சிட்டாவுக்குத் தாலுகா அலுவலகத்தில் காத்துக்கிடந்த தலைமுறைக்கு இது பெரிய விடுதலை, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் வருவது ஒரு புலத்துக்கு ஒரு தாள். ஓர் ஏரியின் முழு எல்லையை அறிய அதைத் தொடும் அத்தனை புலங்களின் தாள்களையும் இறக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, கணினியில் திரும்ப வரைய வேண்டும். அதே அளவைகளை வரைபட மென்பொருள் நேராகப் படிக்கும் கோப்பாக, கிராமம் கிராமமாக வெளியிட்டால் ஓர் ஆய்வு மாணவர் மாதக்கணக்கில் செய்வதை ஒரு மதியத்தில் முடிப்பார்.

உயரக் கணக்கு இதைவிட மோசம். எந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் என்று பார்க்க ஆய்வாளர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது 2000ஆம் ஆண்டு அமெரிக்க விண்ணோடம் ரேடாரால் அளந்த இலவச உயரத் தரவு. அதில் சில மீட்டர்கள் பிழை சகஜம். மலைநாட்டில் அது பெரிதில்லை. சென்னையின் சராசரி உயரமே கடல்மட்டத்திலிருந்து ஆறேழு மீட்டர்தான். முழங்கால் உயர வேறுபாட்டில் ஒரு தெரு மூழ்குவதும் தப்புவதும் முடிவாகும் ஊரில், மீட்டர் கணக்கில் பிழையுள்ள படத்தை வைத்துக்கொண்டு வெள்ளத்தைப் பேசிக்கொண்டிருக்கிறோம். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை, வெள்ளத்தைக் கணிக்க விமானத்திலிருந்து லேசரால் அளந்த உயரத் தரவை 2015இல் இலவசமாக விட்டது. வெள்ளக் கணிப்புக்கு அது உதவியதோடு, புல்வெளிக்கு அடியில் மறைந்திருந்த ரோமானியச் சாலைகளைக்கூட ஆர்வலர்கள் அதில் கண்டுபிடித்தார்கள். தரவைத் திறந்துவிட்டால் யார் எதற்குப் பயன்படுத்துவார் என்பதை அதைச் சேகரித்த துறை முன்கூட்டி ஊகிக்க முடியாது.

திறந்துவிடுவதில் ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டம் நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றியபோது எல்லாரும் பாராட்டினார்கள். சாலமன் பெஞ்சமின் குழு 2007இல் பெங்களூரைச் சுற்றி ஆராய்ந்து வேறு ஒன்றைச் சொன்னது: தெளிவான ஆவணங்களை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்கள் நிலம் தேடி வந்த பெரிய கைகள், சிறு விவசாயி அல்ல. இந்த எச்சரிக்கை நிலத்தின் உரிமையாளர் பெயருக்கும் பரிமாற்றத்துக்கும் பொருந்தும். தனியார் பெயர்களை மூடியே வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஏரி, கண்மாய், வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் ஊர்ப்பொது. அவற்றின் எல்லை மறைந்திருந்தால் லாபம் ஆக்கிரமிப்பவருக்கு மட்டுமே. பெரிய கைகளுக்கு எப்படியும் உள்ளே ஆள் உண்டு. ஒளிவில்லாத வரைபடம் வேண்டியிருப்பது கிராமசபையில் எழுந்து கேள்வி கேட்பவருக்குத்தான்.

இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007லிருந்தே இருக்கிறது. ஏரிகளை அளந்து எல்லை குறித்து வரைபடமும் பதிவேடும் தயாரிக்க வேண்டும் என்பது அதிலேயே உள்ள கடமை. அப்படித் தயாரித்தவற்றை மக்கள் பார்க்கும்படி, மென்பொருள் படிக்கும் வடிவில், ஒரே தளத்தில் வைப்பதுதான் மீதி.

காலமும் பொருந்திவந்திருக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் ரேடார் செயற்கைக்கோள் மேலே போனது. பன்னிரண்டு மீட்டர் அகல ஆன்டெனாவை விரித்துக்கொண்டு, உலக நிலப்பரப்பு முழுவதையும் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப அளப்பது அதன் வேலை. பிரேசிலில் எச்சரிக்கையை முடக்கிய மேகம் இதற்குத் தடையில்லை. ரேடார் மேகத்தை ஊடுருவும், இரவிலும் பார்க்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சாதாரணச் செயற்கைக்கோள்களுக்குத் தமிழ்நாடு வெறும் வெள்ளைப் படலம். ஏரி நிரம்புவதும் உடைவதும் அந்த மாதங்களில்தான். தரவு எல்லாருக்கும் இலவசம் என்று இரு நாடுகளும் முன்பே அறிவித்துவிட்டன.

ஏரியில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதை அந்த ரேடார் சொல்லும். எதுவரை நிற்க வேண்டும் என்பது 2007 சட்டத்தின்படி வரையும் வரைபடத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் வேலையை மதுரையிலோ திருவாரூரிலோ உள்ள கல்லூரிப் பிள்ளைகளே க்யூஜிஐஎஸ்ஸில் செய்துவிடுவார்கள். வருவாய்த் துறையும் நீர்வளத் துறையும் ஒரு மாவட்டத்தின் ஏரி எல்லைகளையாவது அடுத்த பருவமழைக்கு முன் வெளியிட்டுத் தொடங்கலாம். செங்கல்பட்டு மாவட்டமாக இருந்தால் நல்லது. சென்னையின் தெற்குப் புறநகரில் வீடு தேடுபவர்கள் அந்த வரைபடத்தை முதலில் திறந்து பார்ப்பார்கள்.